மரத்துக்கு எத்தனை காம்பரா?

வேப்பெண்ணெய் வாடை அடித்தால் ஊர் உலகத்துக்குச் சொறி சிரங்கு ஞாபகம் வரும். எனக்கு ஒரு மலை ஞாபகம் வருகிறது. போன வாரம் அட்டன் கடைத்தெருவில், ஒரு நாட்டு மருந்துக் கடையில் யாரோ போத்தலைக் கை நழுவ விட்டார்கள். கடைக்காரர் திட்டினார். போட்டவர் காற்றைத் திட்டினார். நான் நடுவில் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன்.

"ஐயாவுக்கு இழுப்புங்களா?" என்றார் கடைக்காரர்.

இழுப்பு இல்லை. அரைப்பேர்.

இந்தத் தீவில் மரங்களுக்குப் பெரட்டு எடுத்த ஒரே மனிதர் அவர்தான். வேறு யாராவது எடுத்திருந்தால் எனக்கு எழுதுங்கள்; திருத்திக்கொள்கிறேன். பெரட்டு என்பது காலை ஆறு மணிக்குத் தோட்டத் தொழிலாளர்களைக் களத்தில் நிறுத்தி, பேர் கூப்பிட்டு, எந்த மலைக்கு யார் என்று பிரித்து அனுப்புவது. வாரத்தில் ஆறு நாள் அந்தக் களத்தில் அரைப்பேரும் ஓர் ஆளாக நின்று "இருக்கேங்க" என்று சொல்வார். ஏழாம் நாள் காட்டோரம் போய் அவரே கூப்பிடுவார். மரங்கள் பதில் சொல்லாது. அதை அவர் ஒழுங்கீனமாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐம்பதுகளின் கடைசி. பட்டிப்பொல ரயில் நிலையத்தில் இறங்கி, இனிமேல் நடக்க முடியாது என்று தோன்றுகிற இடத்திலிருந்து இன்னும் இரண்டு மைல் நடந்தால் எங்கள் தோட்டத்தின் மேல் டிவிசன் வரும். தேயிலை அங்கே முடியும், காடு தொடங்கும். மேகத்துக்குப் போக வர அந்த ஒரே வழிதான் இருந்தது போலிருக்கிறது. காலையில் ஆபீஸ் சன்னலைத் திறந்தால் உள்ளே வந்து மேசைமேல் உட்கார்ந்துகொள்ளும். நான் அந்த ஆபீசின் கிளாக்கர். மேகத்தை விலக்கிவிட்டு எழுதுவது என் வேலை.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையை முழுதாகச் செய்தவருக்கு ஒரு பேர் விழும். மத்தியானத்தோடு மழை விரட்டிவிட்டால் அரைப்பேர். இந்தச் சட்டத்தைத்தான் நம்மாள் மரத்துக்குக் கொண்டுபோனார். சிங்களத்தில் கீனா என்று ஒரு மரம். காற்றுப் படாத சரிவில் அது கோயில் கொடிமரம் போல ஓங்கி நிற்கும். அதே கீனா மலைமுகட்டில் என் இடுப்புக்கு வராது. ஆண்டு முழுதும் காற்றிடம் அடி வாங்கி, ஒரு பக்கமாக மடங்கி, யாரோ கூப்பிட்டது போலத் தலையைத் திருப்பிக்கொண்டு நிற்கும். வயது பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். சரிவில் நின்றதைப் பார்த்து அவர் "முழுப்பேர்" என்பார். முகட்டில் நின்றதைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அரைப்பேர்" என்பார். "வேல செய்யாமயில்லீங்க. பாதியிலேயே காத்து வெரட்டிருச்சு" என்று அதன் சார்பில் காரணமும் சொல்வார்.

இப்படி மரத்துக்கு மரம் சொல்லிச் சொல்லி அந்தப் பேர் அவர்மேலேயே ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரை நான் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் தினமும் எழுதினேன். இப்போது எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை.

மனிதர்களையும் அவர் விட்டுவைத்ததில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கிளாக்கரய்யா, கோவிச்சுக்காதீங்க. அரைப்பேருதான்."

"ஏன்?"

"பொறந்தது எங்க?"

"கந்தப்பளை."

"அதாங்க. காத்துல வளந்த ஒடம்பு."

ஒரு திங்கட்கிழமை அவர் மூச்சிரைக்க ஆபீசுக்கு வந்தார். "ஐயா, ஒரு ஆள் ஓடிட்டான்."

தோட்டத்தை விட்டு ஆள் ஓடுவது பெரிய விஷயம். நான் பேனாவை எடுத்தேன். "யாரு? எந்த லயம்?"

"உச்சியில ரெண்டாவது கீனாங்க. நேத்து பெரட்டுக்கு இல்ல."

நான் பேனாவை வைத்தேன். அவர் தேடுவதை நிறுத்தவில்லை. நான்காம் நாள் ஓடிப்போன ஆள் பெரிய கங்காணியின் வீட்டுப் பின்புறத்தில், கோழிக்கூட்டின் முன்னங்காலாக அகப்பட்டது. பெரிய கங்காணி என்பவர் எங்கள் டிவிசனில் துரைக்கு அடுத்த பெரிய ஆள். கோட்டும் தலைப்பாகையுமாக நடப்பவர். அரைப்பேர் அவரிடம் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. அடுத்த ஞாயிறு முதல் கோழிக்கூட்டுக்கு முன்னாலும் வந்து நின்று பேர் கூப்பிட்டார். "எடம் மாறி வேல செய்யிறான். பேரு குடுக்காம விட முடியுங்களா?" கோழிகள் முட்டை இடுவதைக் குறைத்துவிட்டதாகப் பெரிய கங்காணி என்னிடம் புகார் எழுதச் சொன்னார்.

குளிரை அளக்க அவரிடம் கருவிகள் இருந்தன. அவர் குடியிருந்த லயத்துச் சன்னலில் இரண்டு போத்தல். ஒன்றில் தேங்காயெண்ணெய், ஒன்றில் வேப்பெண்ணெய். தேங்காயெண்ணெய் உறைந்திருந்தால் தோட்டம் நேற்றிருந்த இடத்திலேயே இருக்கிறது என்று பொருள். அது எங்கள் ஊரில் உருகினால்தான் சேதி. வேப்பெண்ணெய் காலையில் உறைந்து மத்தியானத்தில் இளகினால் சாதாரணம். மத்தியானமும் இளகவில்லை என்றால் "வருது" என்பார். மூன்றாவது கருவி, வாசலில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர். அது உறைந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். எழுந்து போய் நாற்றுமேடையில் கன்றுகளுக்குப் புல் போர்த்துவார். நாற்றுமேடைதான் அவருக்கு உத்தியோகம். மனைவி செல்லாயி கொழுந்து பறிப்பவர். அந்த வேப்பெண்ணெய் வாடையில் அவர் பதினோரு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறார். அவருக்கு நான் முழுப்பேர் கொடுப்பேன்.

அப்போதுதான் புதுத் துரை வந்தார்.

சீமையில் மலைப்பக்கத்துக்காரர். வந்த வாரமே பெரட்டுக்களத்தில் நின்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னார். அன்று எனக்குக் காய்ச்சல். களத்தில் ஆங்கிலம் தெரிந்தவர் பெரிய கங்காணி ஒருவர்தான். தெரியும் என்று அவரே சொல்லியிருந்தார். துரை சொன்னதில் 'ட்ரீ லைன்' என்று ஒரு சொல் வந்தது. மலையில் ஏற ஏற மரங்கள் எங்கே நின்றுபோகின்றனவோ, அந்தக் கோட்டுக்கு அவர்கள் பாஷையில் அதுதான் பெயர். ஆனால் எங்கள் தோட்டங்களில் லைன் என்றால் ஒன்றுதான்: தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம். வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, காம்பரா ஒன்றுக்கு ஒரு குடும்பம், கூரை எல்லோருக்கும் பொதுவாக ஒழுகும். பெரிய கங்காணி நெஞ்சை நிமிர்த்தி உரக்க மொழிபெயர்த்தார்:

"தொரை மர லயம் பாக்கப் போறாரு!"

மத்தியானத்துக்குள் மரத்தால் புது லயம் கட்டப்போகிறார்கள் என்றானது. சாயங்காலம் மரங்களுக்கே லயம் கட்டப்போகிறார்கள் என்றானது. மறுநாள் நான் காய்ச்சலோடு ஆபீசைத் திறந்தபோது வாசலில் இருபது பெண்கள். முன்னால் செல்லாயி.

"ஏங்க கிளாக்கரய்யா, எங்க கூரையில ஒம்பது எடத்துல ஒழுகுது. சட்டிய அடுப்புல வப்பேனா, ஒழுகுற எடத்துல வப்பேனா? காட்டுல நிக்கிற மரத்துக்கு லயமாமே? மரத்துக்கு எத்தன காம்பரா? அதையாச்சும் சொல்லுங்க!"

நான் விளக்கினேன். லைன் என்றால் கோடு என்றேன். யாரும் நம்பவில்லை. கடைசியில் நான் துரைக்கு ஆள் என்று முடிவு செய்து கலைந்தார்கள். ஒருவர் மட்டும் போகாமல் நின்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"அப்ப மரத்துக்கும் லயம் உண்டுன்னு தொரைக்கும் தெரியுதுங்களா?" என்றார் அரைப்பேர்.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் நீடித்தது.

மூன்றாம் நாள் துரை எங்களைக் காட்டுக்கு மேற்புறம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு பள்ளம். கைக்குள் ஏந்தியது போன்ற பள்ளம். சுற்றிலும் சரிவுகளில் காடு அடர்த்தியாக நிற்கும். அடியில் வெறும் புல். சாயம் போன கம்பளி விரித்தது போலப் புல். துரை பிரம்பால் சுற்றிக் காட்டிப் பேசினார். அவர்கள் ஊரில் மலையில் ஏற ஏறக் குளிர் கூடும், ஓர் உயரத்துக்கு மேல் மரம் வராது, புல்தான் வரும். இங்கே மேலே மரம் நிற்கிறது, கீழே இல்லை. ஆகவே கீழே இருந்ததை யாரோ வெட்டியிருக்கிறார்கள். நல்ல சமநிலம். அரைப்பேர் வளர்த்து வைத்திருக்கும் மூவாயிரம் தைலமரக் கன்றையும் இங்கே நட்டால் தொழிற்சாலைக்கு விறகு. திங்கட்கிழமை தொடங்கலாம்.

நான் தமிழில் சொல்லி முடித்தேன்.

"இல்லீங்க" என்றார் அரைப்பேர்.

அதை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

"ஏன் என்று கேள்" என்றார் துரை.

"தொரை லயத்தத் தலகீழாப் பாக்குறாருங்க. இங்க மரத்துக்கு மேலயும் ஒரு கோடு, கீழயும் ஒரு கோடு. மேல காத்து நிறுத்துது. கீழ குளிரு நிறுத்துது. காத்தடிச்சா குளிரு எந்திரிச்சுப் போயிரும். மேகம் போத்துனாலும் வராது. வானம் வெளுத்து, எல அசையாம நின்னா, அந்தன்னைக்கு மலையில இருக்குற குளிரெல்லாம் தண்ணி மாதிரி எறங்கி இந்தக் குழிக்குள்ள வந்து தேங்கிரும். கன்னு மூழ்கிச் செத்துப்போகும். இங்க யாரும் வெட்டல. எவனும் இங்க குடிவரல, அவ்வளவுதான். தொரைக்கு இது தெரியாது."

கடைசி வாக்கியத்தை நான் "துரை அறிய வேண்டும் என்று பணிவோடு சொல்கிறார்" என்று மாற்றினேன். குளிர் தண்ணீரைப் போல ஓடும் என்பதை மாற்ற எனக்கு வழி தெரியவில்லை. அப்படியே சொன்னேன். துரை சிரித்தார். திங்கட்கிழமை கன்று இறங்காவிட்டால் அரைப்பேர் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம் என்றார்.

சீட்டு என்றால் வேலை போனது மட்டுமில்லை. காம்பராவும் போகும். அந்த மழையில், அந்தக் குளிரில், அடுப்பும் சட்டியுமாக வெளியே நிற்க வேண்டும். அரைப்பேர் புல்லைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்:

"திங்கக்கெழம வரைக்கும் மேலயிருந்து கீழ வரைக்கும் சிரட்டையில தண்ணி வக்கிறேன். குழியில ஒறையலேன்னா நானே சீட்டக் கேட்டு வாங்கிக்கிறேன்னு சொல்லுங்க."

துரை தலையாட்டினார். உறைந்தால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. மொழிபெயர்ப்பவன் கேட்டிருக்க வேண்டும். அது என் பிழை.

லயத்துக்குத் திரும்பியதும் செல்லாயி கணவரிடம் ஒரு மணி நேரம் பேசினார். மூன்று லயங்களுக்கும் கேட்டது. "ஊரு உலகத்துல ஆம்பளைங்க பொண்டாட்டிக்காகச் சண்ட போடுவாங்க, காணிக்காகச் சண்ட போடுவாங்க. இந்த மனுசன் புல்லுக்காகச் சண்ட போட்டுட்டு வந்துருக்கான்!" பேசி முடித்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீடு வீடாகச் சிரட்டை கேட்கப் போனார். நாற்பது வேண்டும். தேங்காய் எங்கள் மலைக்கு வெளியூர்ச் சாமான். இருந்தாலும் அந்த மூன்று நாளும் மேல் டிவிசன் முழுக்கத் தேங்காய்ச் சம்பல்தான். மர லய விவகாரத்தில் துரைமேல் பெண்களுக்கு இருந்த கோபம் இன்னும் ஆறியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாற்பது சிரட்டையும் முகட்டிலிருந்து பள்ளத்தின் அடி வரை ஒரே வரிசையில் இறங்கின. சனிக்கிழமை காலை மேகம். நாற்பதிலும் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. ஒன்றில் ஒரு தவளை வேறு. ஞாயிற்றுக்கிழமை காலை காற்று. பதினேழு சிரட்டையைக் காணோம். பெரிய கங்காணி கோழிக்கூட்டுப் பக்கம் நின்று கேட்டார்:

"என்னடா அரைப்பேரு, ஒஞ் சிரட்டைக்கு ஒரு சளி கூடப் புடிக்கலயாமே?"

அரைப்பேர் அன்று மரங்களுக்குப் பெரட்டு எடுக்கவில்லை. காற்றில் போன சிரட்டைகளைத் தேடிக் கொண்டுவந்து, தண்ணீர் ஊற்றி, பழைய இடத்திலேயே வைத்தார். மத்தியானம் அவர் லயத்தின் வழியாகப் போனபோது சன்னலைப் பார்த்தேன். இரண்டு போத்தலிலும் எண்ணெய் கல்லாக நின்றது. உள்ளே செல்லாயி சட்டி பானைகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார் என்னைப் பார்த்து. சாயங்காலம் காற்று நின்றது. மேகம் எங்கோ இறங்கிப் போனது. வானத்தைக் கழுவிக் கவிழ்த்தது போல இருந்தது.

திங்கட்கிழமை காலை பெரட்டு முடிந்து மொத்த டிவிசனும் மலையேறியது. துரை முன்னால், பெரிய கங்காணி கோட்டுக்குமேல் கோட்டோடு அடுத்து. முகட்டில் முதல் சிரட்டை, தண்ணீர். துரை என்னைப் பார்த்தார். இரண்டாவது, தண்ணீர். பத்தாவது, பதினைந்தாவது, தண்ணீர். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். செல்லாயி கணவரின் பக்கம் திரும்பாமல் நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தார். காட்டுக்குள் இறங்கினோம். அங்கும் தண்ணீர், ஒரு சிரட்டையில் கீனா இலை மிதந்தது. துரை கடிகாரத்தைப் பார்த்தார்.

கடைசி மரத்தைத் தாண்டியதும் சிரட்டையில் ஓர் ஆடை. பாலில் படிவது போல மெல்லியது. பெரிய கங்காணி விரலால் தொட்டார், உடைந்தது. அடுத்ததில் உடையவில்லை. காலடியில் புல் நொறுங்கத் தொடங்கியது. பள்ளம் முழுக்க உப்பு கொட்டியது போல வெள்ளை. அந்த வெள்ளைக்குமேல் வெயில் வந்து விழுந்தது. அடியில் கடைசிச் சிரட்டையை அரைப்பேர் எடுத்து நகத்தால் நெம்பினார். அப்பளம் அளவு பனிக்கட்டி ஒன்று முழுசாகக் கழன்று வந்தது. இரண்டு கையாலும் ஏந்தி, கோயிலில் பிரசாதம் கொடுப்பது போலத் துரையிடம் நீட்டினார்.

துரை அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். இந்த நாட்டுக்கு வந்தபின் விஸ்கி இல்லாமல் பனிக்கட்டியைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றார்.

"தொரை என்ன சொல்றாருங்க?"

"சந்தோஷப்படுறார்."

கன்றுகள் பள்ளத்துக்குப் போகவில்லை. காட்டை அடுத்த கீழ்ச்சரிவில், அரைப்பேர் காட்டிய இடத்தில் நட்டார்கள். சீட்டும் கிழியவில்லை. லயத்தில் சாக்குகள் அவிழ்ந்தன. நான்கே நாள். ஐந்தாம் நாள் துரை என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். இறம்பொடைப் பக்கத்தில் கம்பெனிக்கு இன்னொரு தோட்டம். அதன் கீழ் டிவிசன் நாற்றுமேடைக்கு அரைப்பேரை அனுப்புகிறார். சம்பளம் கொஞ்சம் கூட. ஒழுகாத காம்பரா. நான் தயங்கிக்கொண்டு நின்றேன். துரை நிமிராமலே காரணம் சொன்னார். அந்த ஆள் சொன்னது சரி. ஆனால் தினமும் காலை ஆறு மணிக்கு, எதிரில் நிற்கும் ஒரு முகம் சரியாகச் சொன்ன முகமாக இருப்பதை அவரால் தாங்க முடியாது.

இதை நான் அரைப்பேரிடம் மொழிபெயர்க்கவே இல்லை. "உயர்வு" என்று மட்டும் சொன்னேன்.

செல்லாயிக்குத் தலைகால் புரியவில்லை. "அங்க தேங்காயெண்ண போத்தலக் கவுத்தா தானா ஊத்துமாங்க!" அரைப்பேர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"அந்தப் பக்கம் நான் போயிருக்கேங்க" என்றார். "குச்சிய ஒடிச்சுப் போட்டா மறுநாள் தளிர்க்குது. எல்லாம் முழுப்பேரு. எங்க நிக்கும், எங்க நிக்காதுன்னு ஒரு பய யோசிக்க வேண்டியதில்ல. அங்க நான் என்னத்தங்க பண்ண?"

நீங்கள் ஜெயித்ததுதான் தப்பு என்று எந்தப் பாஷையில் சொல்வது?

சனிக்கிழமை மத்தியானம் தேயிலைப் பெட்டி ஏற்றும் லொறியில் சாமான் ஏறியது. செல்லாயி முன்னால் டிரைவர் பக்கத்தில் ராணி மாதிரி உட்கார்ந்தார். அரைப்பேர் பின்னால், பெட்டிகளுக்கு நடுவே, இரண்டு போத்தலையும் மடியில் வைத்துக்கொண்டு. நான் லொறிப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துரையிடம் இன்னொரு தடவை பேசிப் பார்த்திருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஐயாவோட கோட்டர்சும் பள்ளத்துலதான இருக்கு. குளிரு கதவுக்கு அடியில நொழஞ்சு தரையிலதான் தங்கும். நீங்க படுக்குற கட்டிலு ரொம்பத் தாழ்வுங்க. தெனம் காலையில நீங்க இருமிக்கிட்டு ஆபீசு தெறக்குறத நானும் நாலு வருசமாக் கேக்குறேன்."

"ஒசத்திக்கிறேன்" என்றேன்.

"நீங்க ஒசத்த மாட்டீங்க." லொறி கிளம்பியது. அவர் குரலை ஏற்றினார். "காலையில நீங்க ஆபீசுல இருக்குறப்ப போயி நாலு காலுக்கும் செங்கல் வச்சுட்டேன்! இன்னைக்குப் படுக்குறப்ப பாத்து ஏறுங்க, பழக்கமில்லாம விழுந்துறாதீங்க!"